அது உன் கதையில்லை, ஸ்டெல்லா

என் அன்பு ஸ்டெல்லாவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்ட நன்றியை, இப்போது ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

என் முதல் சிறுகதையை முதலில் படித்தவள் நீ. அதில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஆரணியில் பட்டுச்சேலைக் கடையில் பில் போடுகிறவள், வேலூரில் ஒருவரோடு எட்டு மாதம் பழகுகிறாள். கல்யாணப் பேச்சு இருவருக்குமே இல்லை. சண்டையில்லாமல் பிரிகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவளைக் கிணற்றில் குதிக்க வைத்திருந்தேன்.

"ஏண்டி அவள சாவடிச்ச?" என்றாய்.

"அப்பதான் பத்திரிகைல போடுவாங்க."

"அந்த ஆளு ஜோரா வேலைக்குப் போய்கினு இருப்பான், இவ மட்டும் சாவணுமா? மறுநாள் ஒழுங்கா கடைக்கு அனுப்பு."

அனுப்பினேன். கதை அச்சிலும் வந்தது.

அப்புறம் நூலகத்தில் அந்த வாசகர் கூட்டம். கடையில் பில் போடுகிறவள் நான், வேலூர் பஸ்ஸில் அடிக்கடி போனவளும் நான். ஒருவர் எழுந்து, "இது உங்க சொந்தக் கதைங்களா?" என்று கேட்டார். ஓர் ஆண் எழுதியிருந்தால் கேட்டிருப்பாரா? மூன்றாம் வரிசையில் என் அண்ணன்.

நீ எழுந்தாய். "அது என் கதைங்க. நான் சொன்னதத்தான் மல்லிகா எழுதினா."

அதற்குப் பிறகு சர்ச் பாடகர் குழுவில் உனக்கு இடமில்லாமல் போனது. நீ பாடம் நடத்திய பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் அண்ணனே, "அந்த டீச்சரோட சேராத" என்றார். நான் அழுதபோது, "நீ வூட்ல பதில் சொல்லணும். என்னைக் கேக்க யாரு கீறாங்க? வுடு, பேஜார் பண்ணாத" என்று சொல்லி, என் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாய்.

நீ நோயில் படுத்த பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீயும் சொல்லச் சொல்லவில்லை. உள்ளுக்குள் வருத்தம் இருந்ததா?

போன வாரம் என் கதைகள் புத்தகமாக வந்தன. அதே நூலகத்தில் ஒரு பெண்மணி அந்த முதல் கதையைக் காட்டி, "இது அந்த டீச்சரம்மா கதைதானே?" என்றார்.

"இல்லைங்க, என்னோடது. எனக்காக அவங்க பழி ஏத்துகினாங்க. அந்த எட்டு மாசத்துக்காக எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல" என்றேன். முழுசாகச் சொல்லி முடித்தேன்.

இதைக் கேள்விப்பட்ட அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தறியை விட்டு எழுந்து வந்து, "அந்த டீச்சரம்மாவ எங்க அடக்கம் பண்ணிகீறாங்க?" என்று கேட்டார். தன் வண்டியிலேயே என்னை உன் கல்லறைக்கு அழைத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உன் முன்னால் வெகுநேரம் தலைகுனிந்து நின்றார், ஸ்டெல்லா. நீ பார்த்தாயா?

இனி என் கதையில் வரும் எந்தப் பெண்ணுக்காகவும், யார் கேட்டாலும், நானே எழுந்து நின்று பதில் சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

உன்னோடு பிறக்காத உன் தங்கை,
மல்லிகா