உங்கள் பேத்தி பூ வைத்த இன்னொரு கல்லறை

மப்ளர் சுற்றிய கோலத்திலேயே என் மனதில் நிற்கும் அன்பு அப்பாவுக்கு,

ஐந்து வருடம் தாமதமாக எழுதுகிறேன். நீங்கள் முகம் பார்க்காமலே போய்விட்ட உங்கள் பேத்தி ஸ்டெல்லாவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். கொடுத்தனுப்புகிற பன்னில் பாதியை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டுவிட்டு, மீதியை டீச்சரிடம் நீட்டுகிறாளாம். பஸ்ஸில் யார் இருமினாலும் திரும்பிப் பார்த்து, தண்ணி வேணுமா என்று கேட்கிறாள்.

எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடுவாளோ? இவ்வளவு இளகிய மனசை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கப் போகிறாள்? பி.ஏ. படித்தும் இந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை, அப்பா. என் பயம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

கல்லறைத் திருநாளுக்கு இந்த முறை அவளையும் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. உங்கள் கல்லறைக்கு முதல் நாளே சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. நம் வீட்டு டேலியாவை ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டோம். காலையிலிருந்தே பொடித் தூறல்.

இரண்டு வரிசை தள்ளி ஆரோக்கியம் அக்கா உட்கார்ந்து, கையாலேயே புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்தோணி அண்ணனின் மனைவி. மன்னவனூரிலிருந்து உங்களை ஏற்றி வந்த ஜீப்பை ஓட்டியவர், அது உருண்ட வளைவில் உங்களோடு போய்ச் சேர்ந்தவர், அந்தோணி அண்ணன். அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் அந்த அக்காவிடம் பேசுவதில்லை. கடைவீதியில் எதிரே வந்தால் அவரே ஒதுங்கிக்கொள்வார்.

நான் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத் திரும்பினால் கூடையைக் காணோம். அதைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லா அந்த அக்கா முன்னால் நிற்கிறாள்.

"இங்க பூவே இல்லையே. இந்தாங்க."

"வேணாம் கண்ணு. ஒங்கம்மா வையும்."

"எங்கம்மா வையாது."

அவளை அதட்டிக் கூப்பிடத்தான் வாயைத் திறந்திருந்தேன், அப்பா. அப்படியே மூடிக்கொண்டேன்.

பாதிப் பூவை எண்ணாமல் அள்ளி வைத்தாள். அக்கா ஏற்றிய மெழுகுவத்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. ஸ்டெல்லா குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்துச் சுடருக்கு மறைப்புக் கட்டினாள். அந்தச் சின்னக் கைக்கு வெளியே அக்கா தன் கையை வைத்தார். நான் போய்க் குடையைப் பிடித்தேன்.

என்னைப் பார்க்காமலே அக்கா சொன்னார்: "அவரு குடிக்கிற ஆளு இல்லம்மா. ஊரு என்னமும் பேசிட்டுப் போகட்டும். நீயாச்சும் நம்பு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். நம்புவதற்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரியுமே.

உங்களிடம்கூடச் சொல்லாமல் போன விஷயம் இதுதான். நீங்கள் போன அன்று காலை, நிறைமாதமாக இருந்த எனக்கு இலேசாக இடுப்பு வலித்தது. பொய் வலியாக இருக்கும், பொறு என்று அம்மா சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. பயம். அம்மா சீரகத் தண்ணீர் வைக்க உள்ளே போன நேரம் பார்த்து, வீட்டைத் தாண்டிப் போன மன்னவனூர் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன்: "நெலம மோசமா கெடக்கு, அப்பாவ வெரசா வரச் சொல்லுங்க." உருளைக்கிழங்கு மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு நீங்கள் ஜீப் ஏறினீர்கள். வெரசா போ என்று அந்தோணி அண்ணனிடம் சொல்லாமலா இருந்திருப்பீர்கள்? அந்த மூடுபனியில்? வலி மத்தியானமே நின்றுவிட்டது. ஸ்டெல்லா பிறந்தது மூன்றாம் நாள்.

துக்கம் கேட்க வந்த யாரோ, குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்றார்கள். அறைக்குள் படுத்திருந்த என் காதில் அது விழுந்தது. நான் பேசவில்லை. கண்டக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது, அப்பா. அதை வேறு எப்படிச் சொல்வது?

இப்போது இந்தப் பிள்ளை, எங்கம்மா வையாது என்று அத்தனை உறுதியாகச் சொல்கிறது. அவள் இளகிய மனசைப் பார்த்து ஊருக்குப் பயந்துகொண்டிருந்தேன். பயப்பட வேண்டியது என் வாய்க்கும், அதைவிட என் மௌனத்துக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. அவள் நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவாக நான் ஆக வேண்டாமா?

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு ஆரோக்கியம் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஒன்றும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். அவர் கதவைச் சாத்தினாலும் சரி. அவர் சம்மதித்தால் இந்தக் கடிதம் நம் கோவிலின் பங்கு இதழில் வரும். பேசின ஊர் இதையும் படிக்கட்டும். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன்பு, உங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, அந்தோணி அண்ணனுக்கும் நானே அடிப்பேன்.

வெரசா வாங்க என்று உங்களை அழைத்த,
உங்கள் மகள்,
ஸ்டெல்லாவின் அம்மா