கீழ்த்தெரு வால்வு

மார்ச் 11, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஆற்றில் மணல்தான். அணையிலிருந்து விடும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்களாம். பம்ப் ஒரு மணி நேரம்தான் ஓடும் என்று பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள். இனி கீழ்த்தெருவுக்கு ஒரு நாள், மேல்தெருவுக்கு ஒரு நாள். வால்வு திறப்பது நான். என் வீடு கீழ்த்தெருவில்.

மா. 13
நேற்று எங்கள் முறை, இன்று மேல்தெரு. அங்கே ராஜாமணி வார்டு மெம்பரிடம் புகார் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவுக்கு நான் கூடுதல் நேரம் விடுகிறேனாம். கடிகாரம் பார்த்துத்தான் மூடுகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.
வாங்க: சோப்பு, அரிசி, வீட்டுக்காரருக்கு மாத்திரை.

மா. 14
எங்கள் முறை. திறக்கவில்லை. மேல்தெருவுக்கே விட்டேன். இனி எவள் பேசுவாள், பார்க்கலாம்.
சாயங்காலம் வீட்டுக்காரர், "நீ நல்ல பேரு வாங்கோணும்னு தெருவே நாக்கு வறண்டு கெடக்கோணுமா?"

மா. 16
இன்றைய முறையும் மேல்தெருவுக்கே. மெம்பர் மெச்சினார். எதிர்வீட்டு சரசக்கா வாய்க்கால் குழியில் தேங்கியதை மொண்டு வந்தாள். அவள் வீட்டில் சினை மாடு, எத்தனை குடம் ஊற்றினாலும் போதாது. "அடுத்த மொறையாச்சும் உடு கண்ணு" என்றாள். சரி என்றேன்.

மா. 18
திறந்தேன். காற்றுதான் வந்தது. பம்புக்குத் தண்ணீர் எடுக்கும் ஆற்றுக் கிணறு வற்றிவிட்டது. நேற்று மேல்தெருவுக்குப் போனதுதான் கடைசி. வால்வுச் சாவியோடு அங்கேயே நின்றேன். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.
மாத்திரை வாங்க மறந்தாச்சு.

மா. 19
மேகம். மழை இல்லை. சரசக்கா மாட்டை விற்றுவிட்டாள். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் வண்டி. மாடு ஏற மாட்டேன் என்று முரண்டு. தெருவில் வேறு ஆளில்லை, நானும் பின்னாலிருந்து தள்ளினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மா. 20
லாரித் தண்ணீர். எங்கள் சந்து குறுகல், வண்டி நுழையாது. மேல்தெருவில் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். ராஜாமணிதான் கூப்பிட்டாள். "உங்களுக்கு எதுக்குங்க வரிசை? எங்களுக்காக எத்தன செஞ்சிருக்கீங்க. முன்னால வாங்க." போனேன். இரண்டு குடம் கிடைத்தது. ஒன்றை சரசக்கா வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
கொஞ்ச நேரத்தில் அந்தக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். என் படியில் இறக்கி வைத்தாள்.
"மாடில்லாத ஊட்டுக்கு எதுக்குங்க இத்தன தண்ணி?"
கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை.