தூக்கத்தைப் பற்றி எழுதுகிறவள்

டிசம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து மழை. எங்கள் லம்பா லைன் தெரு முழுக்கச் சேறு. மகன் கப்பல் டூட்டியில். மருமகள் தங்கை கல்யாணத்துக்குத் தீவை விட்டு மெயின்லாண்ட் போயிருக்கிறாள். வீட்டில் நானும் பேத்தி கவிதாவும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் எழுத்தாகிறது, அவள் பழக்கிவிட்டது.

கல்லூரிப் பிள்ளைகள் ஒழுங்காகத் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று அவளுக்கு புராஜெக்ட். புதன்கிழமை காலை வைவா, வாயால் கேள்வி கேட்கிற பரீட்சை. போகாவிட்டால் வருஷமே வீணாம்.

போனில் சிநேகிதியிடம்: "அரே சோனாலி, சச் போல் யார், கித்னா சோதி ஹை? தீன் கண்டா? பஸ்?"

சிநேகிதி தூங்குவது மூன்று மணி நேரம்தானாம். சிரிக்கிறாள். இவள் மட்டும் என்ன. நூடுல்ஸ், பிஸ்கட், டீ. மறுபடி டீ.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை விட்டது. சுர்மாய் மீன் குழம்பு. இரண்டு வாய் தின்றாள்.

"தாத்தா, நாளைக்கு எழுப்பிவிடுங்க. அலாரத்தை அமத்திட்டுப் படுத்துருவேன்."

"நீ படுத்தாத்தானே எழுப்புறதுக்கு?"

"அச்சா ஜோக். டீ இருக்கா?"

எனக்குத் தூக்கம் போச்சு. கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கின காலத்தில் சிமெண்டு மூட்டை மேலேயே தூங்கினவன். அந்தக் கிரேன் சத்தம், மேஸ்திரி சட்டையில் கிழிசல் இருந்த இடம், எல்லாம் ஞாபகம். இப்போது மெத்தையில் புரளல். நான் அசந்துவிட்டால்?

டிசம்பர் 10, புதன்

அசந்துதான் போனேன், நாற்காலியிலேயே. அவள் அலறித்தான் விழித்தேன்.

"தாத்தா! சாயங்காலம் அஞ்சேகால்! வைவா போச்சு!"

ஜன்னலில் மங்கல், மேகம். டிசம்பரில் இங்கே காலை அஞ்சேகாலுக்கும் மாலை அஞ்சேகாலுக்கும் ஒரே முகம். எனக்கும் பிடிபடவில்லை. பகல் பூராவும் தூங்கிவிட்டோமா?

"போனை நல்லாப் பாரு."

"அஞ்சேகால்னுதான் இருக்கு! காலையா சாயங்காலமான்னு போடல!"

பக்கத்து வீட்டில் கேட்க வெட்கம் அவளுக்கு. தரையில் உட்கார்ந்து அழுகை. "மம்மிக்கு என்ன சொல்றது?"

இரண்டு பேரும் எதிர்மேட்டுத் தென்னைகளையே பார்த்தோம். இருட்டினால் சாயங்காலம், போச்சு. ஒரு மரம் தனியாகத் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. வெளுக்கிறது! விடிகாலைதான்!

என் தோளில் சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். குறட்டை வேறு.

நானும் தூங்கிவிடக் கூடாதென்றுதான் இதையெல்லாம் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். தோள் மரத்துவிட்டது. முதல் விமானம் கூரைக்கு மேலே இறங்குகிறது. தகரம் அதிருகிறது. அசையவில்லை அவள். எழுப்ப மனசில்லை.

"கவிதா. எந்திரிம்மா."

"அஞ்சே நிமிஷம் தாத்தா."

"கிடையாது. எந்திரி."