கல்மேடையில் கை வைத்தது நான்தான்

அம்மாவுக்கு உன் மகள் யாங்ஜி வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலி இப்போது தேவலையா? முகாம் சமையலறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று மலைக்குப் பூஜை நடந்தது. ஏறப் போகிறவர்கள் தங்கள் சாமான்களைக் கல்மேடையில் வைத்தார்கள். தம்பி புர்பா வைத்தது, போன வருடம் பனிச்சரிவில் இறந்த என் வீட்டுக்காரர் பனியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸில் மாட்டிய இரும்புப் பற்கள். அதில் ஒரு பல் விரிசல் விட்டிருந்தது. லாமா மந்திரத்தை முடிக்கும் முன்பே நான் அதை எடுத்துவிட்டேன்.

"பூஜை பாதியில எடுக்கலாமாக்கா? மலைக்குக் கோபம் வருமே."

"வந்தா என்மேல வரட்டும்டா."

"அக்கா மடியிலயே உக்காந்துக்கடான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க."

இன்று காலை வேறொருவனுடையதை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். அது அவன் பூட்ஸுக்குச் சற்றுப் பெரிது. மதியத்திலிருந்து மேலே மேகம் மூடியிருக்கிறது. ரேடியோவில் அவன் குரல் இன்னும் வரவில்லை. இங்கே இது சகஜம்தான், நீ பயப்படாதே.

எனக்குக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொடுத்துவிடு. நீ பின்னியதுதான் வேண்டும்.

கடிதம் கொண்டுபோகிறவர் மூட்டையைத் தூக்கிவிட்டார். அம்மா, இன்றைக்கே மடத்துக்குப் போய்த் தூபம் போடச் சொல். மேடையில் கை வைத்தது யாங்ஜி என்று சொல். தம்பி பெயரை மட்டும் எடுக்காதே.