நெட்டில் சேர்க்காதே என்று எழுதிவைத்தவருக்கு

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சொல்லியிருப்பீர்கள். எனக்குத்தான் கேட்கவில்லை.

வருஷா வருஷம் நீங்கள் அச்சடித்து, ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டியில் நம் ஜனங்கள் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற நோன்பு அட்டவணை இந்த வருஷமும் போகிறது. அதோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து இந்தக் கடிதமும் போகிறது. "எனக்கு எழுதுற லெட்டர ஊருக்கெல்லாம் எதுக்குக் காட்டுற?" என்று கேட்பீர்கள். காட்ட வேண்டியிருக்கிறது. அட்டவணை வாங்குகிறவர்களில் சிலரை நான் மாதக்கணக்கில் திருடர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

சந்தேகத்தில் நாம் பொருத்தமான ஜோடிதான். உங்களுக்கு மெஷின்கள் மேல் சந்தேகம், எனக்கு மனுஷர்கள் மேல். ரசாயன ஆலையில் முப்பது வருஷம் மீட்டர்களைச் சரிபார்த்தவர் நீங்கள். முள் எதைக் காட்டினாலும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவீர்கள். பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்பு திறக்கிற நேரத்தைக்கூட விடவில்லை. "இது ஹூஸ்டன் டவுன்டவுனுக்குப் போட்டது. நாம மேக்கால இருக்கோம், ரெண்டு நிமிஷம் தள்ளும்" என்று நீங்களே கணக்குப் போட்டு ஒரு அட்டவணை தயாரித்தீர்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷமாக நாற்பது வீட்டு ஃபிரிட்ஜிலும் உங்கள் தாள் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கல்யாணிகூட ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வாள், நோன்புக் கஞ்சி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துகொள்ள.

எல்லா மெஷின்களையும்விட நம் வீட்டு பிரிண்டர் மேல்தான் உங்களுக்குத் தீராத சந்தேகம். மை தீர்ந்துவிட்டது என்று அது சொன்னால், கேட்ரிட்ஜைக் கழற்றி என் சமையலறைத் தராசில் வைப்பீர்கள். "பாரு, பொய் சொல்லுது. இன்னும் உள்ள இருக்கு." உண்மையிலேயே தீர்ந்த பிறகு, ஹில்கிராஃப்ட் மளிகைக்கடையின் விளம்பரத் தாளை டைனிங் டேபிளில் விரிப்பீர்கள். சிரிஞ்சில் கறுப்பு மையை இழுத்து, லேபிளுக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவீர்கள். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு குடிக்காது, வெளியே வழிந்துவிடும். நிரப்பியதும் மறுபடியும் தராசு. எடையை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேட்ரிட்ஜின் முதுகில் ஒட்டுவீர்கள். பிரியாணிக்கு அரிசி நிறுக்கிற தராசில் மைக்கறை பட்டதற்கு நான் போட்ட சண்டைகளை அல்லாஹ் அறிவான். சத்தம் கேட்ட அளவுக்குக் கல்யாணியும் அறிவாள்.

அதை வைஃபையில் சேர்க்கவே விடமாட்டீர்கள். லேப்டாப்பிலிருந்து ஒரு நீல ஒயர், அவ்வளவுதான். "நெட்ல சேத்தோம்னா அப்டேட்னு ஒண்ணு வரும். அப்புறம் நாம ஊத்துன மைய ஒத்துக்காது. அவங்க கேட்ரிட்ஜ்தான் வேணும்னு ஒக்காந்துக்கும்." நான் சிரித்தேன். நம் மகள் ஷப்னா, "அத்தா, யூ ஆர் சோ பேரனாய்ட்" என்றாள். நீங்கள் எங்களோடு வாதாடவில்லை. பிரிண்டர் மூடியில் டேப் ஒட்டி எழுதிவைத்தீர்கள்: நெட்டில் சேர்க்காதே.

கடைசியாக நீங்கள் நிரப்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாட்டிலில் இருந்த மை முழுவதையும் இறக்கிவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினீர்கள். எடை நாற்பத்தொரு கிராம். டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு, "நோன்பு அட்டவணைக்கு ரெடி" என்றீர்கள். நோன்புக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. "இப்பவே என்ன அவசரம்?" என்றேன். நீங்கள் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில், கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். முன்பே நெஞ்சில் ஏதாவது செய்ததா? என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டீர்களா?

அடக்கம் முடிந்து நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அன்னிய ஆண்கள் முன்னால் வராமல். மூன்றாவது வாரம் இன்சூரன்ஸ்காரர்கள் ஏதோ தாள் கேட்டார்கள் என்று ஷப்னா பிரிண்டரைப் போட்டாள். சின்னத் திரையில் ஒரு வாசகம் வந்து நின்றது. இந்தக் கேட்ரிட்ஜை ஏற்க முடியாது, அசல் கேட்ரிட்ஜைப் போடவும்.

"அம்மா, யாரோ இத வைஃபைல கனெக்ட் பண்ணிருக்காங்க. அப்டேட் ஆயிடுச்சு" என்றாள்.

கேட்ரிட்ஜைக் கழற்றித் தராசில் வைத்தேன். நாற்பத்தொன்று. நீங்கள் எழுதியபடியே இருந்தது. உங்கள் கை கடைசியாகச் செய்து முடித்த வேலை அது. அதைப் போய் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம் என்கிறது. உங்கள் மையத்தை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. அழுது முடித்ததும் எனக்கு ஒரே கேள்விதான். யார் செய்தது?

முதலில் ஷப்னாவை விசாரித்தேன். லேசர் பிரிண்டர் வாங்கலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே? "நான் தொடவே இல்லம்மா. ஐ ஸ்வேர்" என்றாள். முகத்தையே பார்த்தேன். பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு சிவக்கும். சிவக்கவில்லை.

அடுத்து கல்யாணி. மவுத்து வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று ஐந்து நாள் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்தவள். இரண்டாவது வாரம் பிரிண்டர் பக்கம் அவளைப் பார்த்த ஞாபகம் இருந்தது. "ரிட்டர்ன் லேபிள் ஒண்ணு அடிச்சேன் ஜைனப். என் லேப்டாப்லதான் அந்த நீல ஒயரச் சொருகினேன். ஏன், என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுடைய டிபன் கேரியரைக் கழுவி வெறுமையாகத் திருப்பி அனுப்பினேன். நம் வீட்டிலிருந்து ஒரு பாத்திரமும் அப்படிப் போனதில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும்.

மிச்சம் இருந்தது உங்கள் தம்பி. சான்டா கிளாராவில் சாஃப்ட்வேர் வேலை. "என்னண்ணே, டாக்டர் மாதிரி ஊசி போட்டுட்டு இருக்கீங்க" என்று உங்களைக் கேலி செய்கிற அக்பர். அடக்கத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கியபோது, வந்தவர்களுக்கெல்லாம் நெட் கிடைக்கவில்லை என்று வைஃபையைப் பிரித்து மேய்ந்தவர் அவர்தான். வேறு யார்? தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூப்பிடுவார். "மதினி எப்படி இருக்காங்க, ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்று ஷப்னாவிடம் கேட்பார். "இத்தால இருக்கேன், பேசமாட்டேன்னு சொல்லு" என்பேன். சுகம் விசாரிக்க வருகிற போனில் ஒரு வார்த்தை பேசினால் என்ன குற்றம் வந்துவிடும்? என் கோபத்துக்கு நான் மார்க்கத்தைத் திரையாகக் கட்டிக்கொண்டேன். உங்கள் கூடப்பிறந்தவரை நாலு மாதம் கதவுக்கு வெளியே நிற்கவைத்தேன். அதற்கு அல்லாஹ்விடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இத்தா முடிந்த மறுநாள், குவிந்துகிடந்த ஈமெயில்களைச் சுத்தம் செய்கிறேன் என்று ஷப்னா என் போனை வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் அதை என்னிடம் நீட்டினாள். வாழ்த்துகள், உங்கள் பிரிண்டர் வெற்றிகரமாக இணைக்கப்பட்டது என்று எனக்கு வந்திருந்தது. என் பெயருக்கு. தேதி, உங்களை அடக்கம் செய்த மறுநாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் என் போனுக்கு வந்தது, கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பச் சொல்லி. ஷப்னா வெளியே போயிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அக்பர், "மதினி, நான் அடிச்சுத் தர்றேன், குடுங்க" என்றார். "வேணாம் தம்பி, நானே பாத்துக்கறேன்" என்றேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கான பேப்பர் தட்டுக் கட்டு பிரிண்டர் மேல் இருந்தது. உங்கள் டேப் அதற்கடியில். பக்கத்தில் ஒரு பிரிண்டர் இருக்கிறது, சேர்க்கட்டுமா என்று போன் கேட்டது. சரி. வைஃபை கொடுக்கட்டுமா? சரி. அப்டேட்களைத் தானாக எடுத்துக்கொள்ளட்டுமா? சரி. அந்த இரண்டு நாளும் யார் எதைக் கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்கிறாயா, சரி. கொஞ்சம் படுத்துக்கொள், சரி. மெஷினும் கேட்டது, அதற்கும் சரி என்றேன்.

ஊரையெல்லாம் விசாரித்தேன், என்னை மட்டும் விசாரிக்கவில்லை.

அன்றைக்கே அக்பரை நானே கூப்பிட்டேன். "தம்பி, நான்தான். நான்தான் அத நெட்ல சேத்துவிட்டேன்" என்றேன்.  அந்தப் பக்கம் உங்கள் தம்பி அழுதார்.

"நான்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன் மதினி. ஷப்னா சொன்னதுல இருந்து அதே ஞாபகம்தான். வைஃபை செட்டிங்க மாத்துறப்ப நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு. அண்ணன் கடைசியா செஞ்சு வச்சத நான் கெடுத்துட்டேன், அதான் மதினி பேசமாட்டேங்கிறாங்கன்னு..."

என்னங்க, நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரும் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாப்புக் கேட்டேன். "அத விடுங்க மதினி. அந்த மைய வீணாக்கக்கூடாது. ஒரு வழி இருக்கு" என்றார்.

வழி இதுதான். ஒரு அசல் கேட்ரிட்ஜை வாங்கிப் போட வேண்டும். அதை மெஷின் ஒத்துக்கொள்ளும். அதிலுள்ள மை தீர்ந்ததும், உங்கள் கேட்ரிட்ஜில் இருப்பதை இழுத்து அதற்குள் இறக்கிவிட வேண்டும். சட்டி அவர்களுடையது, குழம்பு நம்முடையது.

இத்தாவுக்குப் பிறகு நான் முதன்முதலில் வெளியே போனது கேட்ரிட்ஜ் வாங்கத்தான். நீங்கள் திரும்பியும் பார்க்காத அந்த அலமாரி முன்னால் நிற்கும்போது உங்களுக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண், மாதாமாதம் மை வீட்டுக்கே வந்துவிடும், ஈமெயில் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். இந்த முறை நான் சரி என்று சொல்லவில்லை.

அந்த மை சீக்கிரம் தீர வேண்டுமே என்று கல்யாணியைக் கூப்பிட்டு, அடிக்க வேண்டியதையெல்லாம் அடித்துக்கொள் என்றேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "நெனச்சேன், கேரியர் காலியா வந்தப்பவே" என்றாள். அன்று அதில் பாயசம் ஊற்றிக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டேபிளில் விளம்பரத் தாளை விரித்தேன். ஷப்னா போனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் அக்பர். உங்கள் சிரிஞ்சில் மையை இழுத்து மளமளவென்று இறக்கப்போனேன். "பஞ்சு குடிக்கட்டும் மதினி, அவசரப்படாதீங்க" என்றார். கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் பாருங்கள். இறக்கி முடித்து நிறுத்தேன். நாற்பது. ஒரு கிராம் தாளிலும் என் கட்டைவிரலிலும் போய்விட்டது. விரல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. சோப்புப் போடவில்லையோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம், மூன்று தடவை போட்டேன்.

வைஃபையை எடுத்துவிட்டேன். நீல ஒயர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அட்டவணை உங்கள் லேப்டாப்பில் இந்த வருஷத்துக்கும் தயாராக இருந்தது. எப்போதும்போல முதல் நோன்புத் தேதியை எழுதாமல் விட்டிருந்தீர்கள், பிறை பார்த்து அவரவர் எழுதிக்கொள்ள. அதை எப்போது முடித்துவைத்தீர்கள் என்றும் உங்களைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்குக் கை ஓடுகிறவரை வருஷம் தவறாமல் இந்தத் தாள் நாற்பது வீட்டுக்கும் போகும், உங்கள் இரண்டு நிமிஷத்தோடு. மனுஷர்கள் மேல் இருக்கிற சந்தேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். முழுசாக விட்டுவிடுவேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மிச்சத்தை உங்களைப் போல மெஷின்கள் மேல் வைத்துக்கொள்கிறேன்.

நாற்பது அட்டவணையும் நேற்று அடித்து முடித்தேன். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை திரையில் ஒரே வாசகம்தான். கேட்ரிட்ஜ் காலி, கேட்ரிட்ஜ் காலி என்று. ஒவ்வொரு தாளும் கறுகறுவென்று வந்து விழுந்தது. முடிந்ததும் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தேன். இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். அதில்தான் இந்தக் கடிதத்தை அடிக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
மெஷின் சொல்வதை இனிமேல் நம்பாத உங்கள் வீட்டுக்காரி,
ஷப்னாவின் அம்மா ஜைனப்