யாரோ தூங்கும் என் தூக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இதில் எழுத வேண்டியவை:

1. பள்ளியில் பெற்றோருக்கு நடக்கும் போதைத் தடுப்பு வகுப்பு. மகள் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டதால் அவளுக்குப் பதில் நான் போகிறேன்.
2. பேத்தியிடம் நான் கவனிப்பவை. பதினாறு வயது. வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான்.
3. என் தூக்கம் கெட்டது. முதுமைக் கோளாறு. மேலே உள்ள இரண்டோடும் இதற்குத் தொடர்பில்லை. தனியாக எழுத வேண்டும்.

வகுப்பில் குட்டி நாற்காலிகள். முழங்கால் மார்பை இடித்தது. பக்கத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர். "நம்ம பிள்ளைங்க தங்கம்தான் ஐயா. ஆனா செம்பு கலக்காம எந்த நகை நிக்குது?" என்றார். சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை போட்டும் தூக்கமில்லை. மே மாதம் முழுக்க இப்படித்தான். விடியும்வரை வீடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல — இது என்ன எழுத்து? அடிக்க மனமில்லை, கிடக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

உச்சிவெயில் வந்தும் சிட்டு எழவில்லை. (பேத்தியை அப்படித்தான் கூப்பிடுகிறோம்.) கதவு திறந்திருந்தது. மல்லாந்து கிடந்தாள். இமைகள் முழுதாக மூடவில்லை. நடுவே வெள்ளையாக ஒரு கீற்று. கூப்பிட்டேன். "உம்" என்றாள், முகம் அசையவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

நான் மாத்திரை போடத் தொடங்கிய புதிதில் மகள் சொல்வாள்: "கண்ணைப் பாதி தொறந்துக்கிட்டே தூங்குறீங்கப்பா. பாக்கவே பயமா இருக்கு." அதை இன்றுதான் நான் பார்த்தேன். என் தூக்கத்தை இந்த வீட்டில் வேறு யாரோ தூங்குகிறார்கள்.

தூக்கம் கெட்ட மூளை இப்படித்தான் உளறும்.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பு. ஆலோசகர் அம்மா வீட்டுப்பாடம் தந்தார்: வீட்டிலிருக்கும் மருந்துகளையெல்லாம் பிள்ளையோடு உட்கார்ந்து மேசையில் கொட்டிப் பார்க்க வேண்டுமாம். பிள்ளையை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? கேட்கத்தான் நினைத்தேன். கை பாதிவரை எழுந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. ஓட்டுநர் கேட்டார்: "எங்க வீட்ல இருமல் மருந்தும் மூட்டுவலித் தைலமும்தாங்க இருக்கு. இதுல என்னத்தக் கண்டுபிடிக்க?"

"கண்டுபிடிக்கச் சொல்லலைங்க. சேர்ந்து உக்காரத்தான் சொல்றேன்."

ஜூன் 11, புதன்

சிட்டுவிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

அவள் அறைக்கதவுவரை போனேன். உள்ளேயிருந்து குரல்: "தட்டுங்க, இல்லன்னா போங்க தாத்தா. அங்க நின்னு மூச்சு விடாதீங்க." போய்விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

உட்கார்ந்தோம். தூக்க மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிதுக்கி ஒரு சீசாவில் போட்டுவைப்பது என் வழக்கம்; நடுங்கும் விரலுக்கு இருட்டில் அட்டை வசப்படாது. சீசாவைக் கவிழ்த்தேன். மேசையில் நல்ல வெயில். என் மாத்திரையின் நடுவில், பாதியாக உடைப்பதற்கு, ஒரு கோடு இருக்கும். இவை எதிலும் கோடில்லை. அத்தனையும் வழவழவென்று இருந்தன.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"வெறும் சத்து மாத்திரை தாத்தா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏம்மா?"

"அம்மா போனப்புறம், நீங்க தூங்கிட்டா வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. எத்தனை தடவை உலுக்கியிருக்கேன் தெரியுமா? பொணம் மாதிரி கிடப்பீங்க. நீங்க முழிச்சிருக்கணும்னுதான் மாத்தினேன். எடுத்ததைத் தூக்கிப் போட்டிருக்கணும். ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாத்தேன். இப்ப... அது இல்லாம முடியல தாத்தா."

"திட்டுங்களேன்," என்றாள். திட்ட வரவில்லை. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சட்டென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். மகள் விடுப்பில் வந்திருக்கிறாள். குறைத்ததிலிருந்து சிட்டுவுக்கு இரவெல்லாம் நடுக்கம், வியர்வை. சுவரில் யாரோ நடக்கிறார்கள் என்கிறாள். எந்தச் சுவர் என்று கேட்டு, அங்கே போய் நிற்கிறேன். எனக்கும் பயம்தான்.

எனக்கு வேறு தூக்க மருந்து எழுதித் தருவதாக மருத்துவர் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

முதல் நாள் பட்டியலின் மூன்றாவது குறிப்பில், தொடர்பில்லை என்று எழுதியிருந்தேன். தவறு.