அண்ணி சொல்லிவிட்ட பெயர்

மாஸ்கோவில் பனி அள்ளும் அண்ணனுக்கு,

அண்ணி தப்பித்துவிட்டார், பயப்படாதே.

நாங்கள் பார்க்கும் துருக்கித் தொடரில் நாயகனுக்கு நம் அப்பாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாதே! அதனால் அண்ணி அவனை 'நீளமூக்கர்' என்பார். நான் அதைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டு லைக் அள்ளுவேன்.

நேற்று அவனைச் சுட்டுவிட்டார்கள். "ஐயோ, இத்ரீஸ்!" என்று அண்ணி அலறிவிட்டார். அப்பா இறந்தபின் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அம்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அண்ணியைப் பிறந்த வீட்டுக்கே துரத்திவிடுவாள் என்றே நினைத்தேன்.

"கத்தாதடி பொண்ணே," என்றாள் அம்மா. "இத்ரீஸ் பொழைப்பாரான்னு பாக்கணும்."

வாழ்நாளெல்லாம் அப்பாவை 'பையனோட அப்பா' என்றே சொல்லிவந்த நம் அம்மா, அண்ணா!

அவன் பிழைத்தானா என்று என்னைக் கேட்காதே. நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் வாலுத் தங்கை